பாட்டன் பேரைத் தேடாதீர்கள், காட்டைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று வீட்டுக்கு வீடு படிவம் வந்ததே, 2002-லும் 2005-லும் அப்பா அம்மா எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருந்தார்கள் என்று ஆளாளுக்கு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தோமே, அதற்கப்புறம் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. அப்பா கிடைத்துவிட்டார், அவருக்கு அப்பா எங்கே, அவருக்கும் அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். இந்த முறை அதற்கு மட்டும் பதில். பதில் சொல்பவன் வக்கீலும் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு கட்டுகளுக்கு நடுவில் தும்மித் தும்மியே பாதி ஆயுளைக் கழித்தவன்.

கேள்வி: ஐயா, எங்கள் பூட்டனார் பெயர் கருப்பன். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. விவரம் தெரிந்த அப்பாவும் போன வருஷம் தவறிவிட்டார். சர்க்கார் ஆவணத்தில் பூட்டனாரைப் பிடிக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? (எஸ்.பி., பேரையூர் வட்டம்)

பதில்: பிடிக்கலாம் தம்பி, ஆனால் பேரை வைத்துப் பிடிக்க முடியாது. உங்கள் ஊர் மந்தையில் நின்று ‘கருப்பா’ என்று கூப்பிட்டால் இன்றைக்கே நாலு பேர் திரும்புவார்கள், நூறு வருஷத்துக்கு முன்னால் பாதி ஊர் திரும்பியிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்போம், கருப்பன் மகன் வீரணன், வீரணன் மகன் கருப்பன், அவன் மகன் மறுபடி வீரணன் என்று கமலை உருளை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதில் எந்தக் கருப்பன் உங்கள் கருப்பன் என்று பேரைப் பார்த்து எந்த எழுத்தராலும் சொல்ல முடியாது. ஆள் போய்விடுவார், பேர் திரும்பத் திரும்ப வரும், காடு, அதாவது நிலம், மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். காட்டைப் பிடியுங்கள்.

குடும்பத்துக்கு அரைக் குறுக்கம் நிலமோ ஒரு வீட்டடியோ இருந்தால் போதும், அதன் சர்வே நம்பரை எடுங்கள். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு மூன்றும் இணையத்திலேயே கிடைக்கும். அதில் வருவது இன்றைய நம்பர். 1979-ல் தொடங்கி எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் ஒரு பெரிய வேலை நடந்தது, இன்றைக்கு நாம் வைத்திருக்கும் உட்பிரிவும் பட்டா நம்பரும் பெரும்பாலும் அதில் பிறந்தவை, ஊர்ப்பட்ட எழுத்துப் பிழைகளும் அதில்தான் பிறந்தன. ஆகவே அந்தப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தைய பழைய நம்பரைக் குறித்துக்கொண்டு, யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று தாலுகா ஆபீசில் மனுப் போடுங்கள். பேரையூர் பக்கம் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: உங்கள் ஊர் சாப்டூர் ஜமீனைச் சேர்ந்ததாக இருந்தால், 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் நேரடியாகக் கொடுக்கும் ரயத்துவாரிப் பட்டா வந்திருக்கும். அதற்கு முன்னால் தீர்வை போனது ஜமீனுக்கு, கணக்கு இருந்ததும் அங்கே. அதனால் தாலுகா ஆபீசில் ஐம்பதுகளுக்கு முன் ஒன்றும் இல்லை என்று சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

ஜமீன் ஊரானாலும் பத்திரம் இருக்கும், அதனால் அடுத்து சார்பதிவாளர் ஆபீஸ். பெரும்பாலான ஆபீசுகளுக்கு 1975-லிருந்து வில்லங்கம் இணையத்தில் வந்துவிடும், அதற்கு முந்தையதற்கு நேரில் மனுக் கொடுத்துப் பழைய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். பேர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை என்று இரண்டு உண்டு, நீங்கள் கேட்க வேண்டியது சொத்து வாரி. ஒரு கிரயப் பத்திரம் சிக்கினால் இரண்டு தலைமுறை கிடைத்த மாதிரி, ஏனென்றால் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இரண்டு பேருக்கும் தகப்பன் பேர் போடாமல் பத்திரம் எழுத மாட்டார்கள். ‘மதுரை ஜில்லா திருமங்கலம் தாலுகா மேற்படி கிராமத்திலிருக்கும் பெரியகருப்பன் குமாரர் விவசாயம் வீரணன் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்’ என்று மூச்சுவிடாமல் ஓடும் அந்த முதல் வாக்கியத்திலேயே ஊர், தொழில், அந்தக் காலத்துப் பத்திரமானால் சாதி எல்லாம் வந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் யோகம்தான், அண்ணன் தம்பி அத்தனை பேரும், செத்துப்போன அண்ணனின் மைனர் பிள்ளைகளும்கூட வயசோடு அதில் நிற்பார்கள்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், செக்குபந்தி, அதாவது நாலு எல்லை விவரம், அங்கேதான் இருக்கும். என் பூட்டனார் பேரில் ஒரு பத்திரமும் கிடையாது, அவர் எதையும் வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை. சம்பந்தமே இல்லாத யாரோ விற்ற புஞ்சையின் நாலு எல்லையில், ‘கிழக்கு: ஒச்சப்பன் வகையறா புஞ்சையும் ஒத்தைப் பனையும்’ என்ற ஒரே வரியில் இருந்தார். அந்தப் பனை இப்போது இல்லை. ஆனால் இரண்டு வருஷம் பேரைத் தேடிக் கிடைக்காத மனிதர் அடுத்தவர் எல்லையாகக் கிடைத்தபோது எனக்கு அந்த ஆபீஸ் பெஞ்சில் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கேள்வி: 1931 சென்சஸில் எங்கள் கொள்ளுத் தாத்தா குடும்பம் பதிவாகியிருக்குமே, அந்தத் தாளை எங்கே வாங்கலாம்? வெளிநாட்டில் எல்லாம் தருகிறார்களாமே? (வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: வாங்க முடியாது. பிரிட்டன், அமெரிக்காவில் குறிப்பிட்ட வருஷங்கள் கழித்துப் பேர்வாரித் தாளையே திறந்துவிடுகிறார்கள், இங்கே அப்படி இல்லை. 1948-ஆம் வருஷத்து சென்சஸ் சட்டம் 15-ஆம் பிரிவு அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிடக் கூடாது என்கிறது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளாது. 1931 அறிக்கை புத்தகமாகக் கிடைக்கும், அதில் இருப்பது தொகைகள்தான், உங்கள் கொள்ளுத் தாத்தா அந்தக் கூட்டலில் ஒன்றாக இருக்கிறார்.

கேள்வி: பரணில் ஒரு தகரப்பெட்டி. அதில் ‘துந்துபி வருஷம் ஆவணி மாதம்’ என்று எழுதிய ஒரு பத்திரம், ‘பசலி 1341’ என்று போட்ட ஒரு கிஸ்தி ரசீது. இவை எந்த வருஷம்? (கே.ஆர்., வாடிப்பட்டி)

பதில்: பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு வருஷம், அது எளிது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது ஆரம்பித்த ஆங்கில வருஷம். பசலி ஜூலை 1-ல் தொடங்கும். ஆக 1341 என்றால் 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை. வருவாய்த் துறையில் பழைய அடங்கல் (சாகுபடிக் கணக்கு) கேட்டாலும் பசலி சொல்லிக் கேளுங்கள், ‘1931-க்கு வேண்டும்’ என்றால் எந்தக் கட்டை அவிழ்ப்பது என்று அவர்களே குழம்புவார்கள், இரண்டு பசலி அதில் வருகிறது.

துந்துபிதான் கொஞ்சம் விளையாட்டுக் காட்டும், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருமே. 1862, 1922, 1982. தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையில் யார் தலை என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1910-லிருந்து 1936 வரை, ஆக தாடி வைத்த ஜார்ஜ் தலை இருந்தால் 1922. அசோகச் சின்னம் இருந்தால் உங்கள் சித்தப்பா காலத்துப் பத்திரம், பெரிய பழமை ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதியிருக்கும் குறிப்பில் ஆங்கிலத் தேதியே இருக்கும், அதை விட்டுவிட்டுப் பஞ்சாங்கம் புரட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரத்துக்குள்ளே ௧, ௪, ௬, ௰, ௱ என்று தமிழ் எண்கள் வரும், ௰ என்பது பத்து, ௱ நூறு, ஆகவே ௪௱௬௰ என்றால் நானூற்று அறுபது. ரூபாய் என்று பயந்துவிடாதீர்கள், குழி என்ற நில அளவாகவும் இருக்கலாம். அப்புறம், அந்தப் பத்திரத்தை லேமினேஷன் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: உங்கள் பதில்கள் எல்லாம் பட்டாதாரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போலிருக்கிறது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். நிலமே இல்லாதவன் எந்தக் காட்டைத் தேடுவது? (வாசகர், மேலூர் பக்கம்)

பதில்: குத்தல் நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றை யோசியுங்கள். சர்க்கார் எந்தக் காலத்திலும் நம் பாட்டன் பேரைப் பிரியத்தில் எழுதி வைக்கவில்லை. தீர்வை வாங்க எழுதியது, கப்பலேற்ற எழுதியது, கண்காணிக்க எழுதியது, அபராதம் போட எழுதியது. ஆகவே உங்கள் முன்னோர் எந்த இடத்தில் சர்க்காரோடு உரசினார்கள் என்று பாருங்கள், தாள் அங்கேதான் இருக்கும்.

முதலில், நிலமே இருந்ததில்லை என்பதைச் சரிபார்த்துவிடுங்கள். 1892-ல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுதான், பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ (டிப்ரஸ்டு கிளாஸ்) என்று இருக்கும், மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒதுக்கீடு பெற்றவர் பேர் அதில் உண்டு. பின்னால் அது கைமாறியிருக்கலாம், பேரனுக்கு அப்படி ஒரு நிலம் இருந்ததே தெரியாமல் போயிருக்கலாம். உங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டை முழுசாக ஒரு தடவை புரட்டிவிட்டு, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இனாம், அதாவது மானியமாகக் கொடுத்த நிலம். இனாம் என்றதும் கோயில் குருக்களும் மடமும் நினைவுக்கு வரும், ஆனால் கோயிலில் மேளம் அடித்தவர், சலவை செய்தவர், ஊரில் தச்சு வேலை பார்த்தவர், கண்மாய் மடை திறந்தவர் என்று ஊழியம் செய்த பலருக்கும் துண்டு துண்டாக மானியம் இருந்தது. 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய் யார் எதை எந்த உரிமையில் அனுபவிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதியதுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் (Inam Fair Register). ஆதியில் யாருக்குக் கொடுத்தது, நடுவில் யார் பேரில் இருந்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு வயசு என்ன, முதலில் வாங்கியவருக்கு அவர் என்ன உறவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். சாமானியக் குடும்பத்துக்கு நாலு தலைமுறையை ஒரே வரியில் தரக்கூடிய சர்க்கார் தாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஊர்ப் பேரும் தாலுகாவும் சொல்லி மனுக் கொடுத்துக் கேட்கலாம்.

மூன்றாவது பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும், தகப்பன் பேர், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடு என்று சொல்லி, எட்டினால் ஐந்து வயசு என்று வாத்தியார் போட்ட தேதி அது. நம் தாத்தாமார்களில் பாதிப் பேர் எப்படி ஜூன் மாதத்தில் பிறந்தார்கள் என்று நினைத்தீர்கள்?

பிறப்பு இறப்புப் பதிவும் உண்டு. 1980-ல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் என்ற கிராம அதிகாரிப் பதவிகளை எடுக்கும் வரை கிராமத்தில் அதை எழுதியவர் முன்சீப்தான். குழந்தைக்குப் பேர் இருக்காது, ‘மாரி, ஆண் குழந்தை’ என்று தகப்பன் பேரும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும்தான், ஏனென்றால் சாமிக்கு மொட்டையடித்த பிறகுதானே நாம் பேரே வைத்தோம். ஆகவே தாத்தா பேரைச் சொல்லித் தேடாமல் அவருடைய அப்பா பேரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். குடும்பம் மதுரை டவுனுக்கு வந்து 1892-ல் தொடங்கிய ஹார்வி மில் மாதிரி இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் பி.எஃப். தாள்களையும், வீட்டில் கிடக்கும் பழைய மில் அட்டைகளையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சீயான் (பாட்டனார்) ரேகை வைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். தேடினால் குடும்பத்துக்கு இழுக்கா? (ஓ.எம்., உசிலம்பட்டி)

பதில்: இழுக்கு எழுதியவர்களுக்கு, எழுதப்பட்டவர்களுக்கு இல்லை. கள்ளர் போன்ற சில சமூகங்களையே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் எழுதி விரல் ரேகை வாங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911-ல் வந்தது. அந்தப் பதிவேட்டில் பேர் இருந்தால் ஆள் குற்றம் செய்தார் என்று அர்த்தமே இல்லை, அந்தச் சமூகத்தில் வயசுக்கு வந்த ஆணாக இருந்தார் என்றுதான் அர்த்தம். ராத்திரியானால் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும், ஊரைவிட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர், நினைவிடம் உங்களுக்குப் பக்கத்தில்தான். சட்டத்தை எடுத்தது 1947-ல்.

இது சம்பந்தமான அரசாணைகளும் கலெக்டர் கடிதப் போக்குவரத்தும் எழும்பூர்க் காப்பகத்தில் இருக்கின்றன. உங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது அரசு கள்ளர் பள்ளி. அந்தச் சட்டக் காலத்தில் சீர்திருத்தம் என்ற பேரில் ஆரம்பித்த பள்ளிகள் அவை, சீயான் ரேகை வைத்த அதே வருஷங்களில் அவர் பிள்ளை அங்கே சிலேட்டோடு உட்கார்ந்திருக்கலாம். ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், கையில் கிடைத்த பிறகு காட்டுங்கள்.

கேள்வி: தாத்தா உயில் எழுதிப் பதிவு செய்தார் என்று தெரியும். சித்தப்பா கண்ணிலேயே காட்ட மாட்டேன் என்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், அதில் உயிலே வரவில்லை. (வாசகர், திருமங்கலம்)

பதில்: வராது. வில்லங்கத்தில் தெரிவது முதலாம் புத்தகத்துப் பத்திரங்கள், உயில் மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜென்டுக்கும் தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள், அவர் காலமான பிறகு யார் மனுக் கொடுத்தாலும் தர வேண்டும், 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தாத்தாவின் இறப்புச் சான்றோடு போங்கள், சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம்.

கேள்வி: என் பாட்டனார் 1930 வாக்கில் மதுரைப் பக்கத்திலிருந்து மலாயா வந்தார். ரப்பர் தோட்டம். ஊர்ப் பேர் ‘மேலூர்’ என்பார் அப்பா, அவ்வளவுதான் தெரியும். (வாசகி, கிள்ளான், மலேசியா)

பதில்: அம்மா, மேலூர் என்று அவர் சொன்னது ஊரா, தாலுகாவா என்பது முதல் சந்தேகம். இங்கிருந்து போனவர்கள் அயலாரிடம் தெரிந்த ஊர்ப் பேரைத்தான் சொல்வார்கள், நான்கூட சென்னைக்காரரிடம் மதுரை என்றுதான் சொல்கிறேன், என் ஊர் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-லிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல்வாரிப் பட்டியல் இருக்கிறது, பேர், தகப்பன் பேர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று. மலாயாவுக்குக் கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு அந்த அளவு தாள் கிடையாது. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் வைத்துக் கப்பலேற்றினார்கள், 1938-ல் அது நின்றது. ஆகவே தேடலை உங்கள் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1948-லிருந்து அங்கே அடையாளக் கார்டு வந்துவிட்டது, குடியுரிமைக்கு மனுப் போட்டிருப்பார், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அவருடைய மரணப் பத்திரமும் பதிவிலாகாவில் இருக்கும். பிறந்த இடத்தில் எழுத்துக்கூட்டல் என்ன கோலத்தில் இருந்தாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள், ‘மேலூர்’ சரியா என்று அதை வைத்துப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுக் குலசாமி பேரென்ன? தோட்டத்துக் கோயிலில் பிடிமண் கொண்டுபோய் வைத்த சாமி எது? மேலூர்ப் பக்கம் அந்தச் சாமி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ உங்கள் பங்காளிகள் இருப்பார்கள்.

கேள்வி: பத்திரத்தில் கிடைத்த ஆள் எங்கள் ஆள்தான் என்று எப்படி உறுதி செய்வது? (டி.எஸ்., செக்கானூரணி)

பதில்: பேர், தகப்பன் பேர், நிலம் மூன்றும் ஒத்து வர வேண்டும், இரண்டு மட்டும் ஒத்தால் பென்சிலில் எழுதி வையுங்கள். அப்புறம் சர்க்கார் முத்திரை இல்லாத இரண்டு ஆவணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒன்று குலசாமி கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, களரித் திருவிழாவுக்கு வரி பிரித்தபோது எந்த வீடு எந்த வகையறா என்று எழுதியது. இன்னொன்று மொய் நோட்டு. எங்கள் வீட்டில் என் அத்தை கல்யாணத்து மொய் நோட்டு இருக்கிறது, பிள்ளையார் சுழிக்குக் கீழே மஞ்சள் தடவி, ‘தாய்மாமன்’ என்று முதல் வரி, அடைப்புக்குள் அவர் ஊர், அவர் அப்பா பேர், பித்தளை அண்டா ஒன்று, ரூபாய் பதினொன்று. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் இதில் ஆள் மாறாட்டமே இருக்காது, தாசில்தார் பதிவேட்டில் பிழை இருக்கும், மொய் நோட்டில் இருக்காது.

கேள்வி: எங்கள் வம்சம் பாண்டிய மன்னரின் படைத்தளபதி வழி. அரசு ஆவணம் எங்கே கிடைக்கும்? (வாசகர், மதுரை)

பதில்: கம்பெனிக்காரன் கர்நாடக நவாபிடமிருந்து நிர்வாகத்தை முழுசாக வாங்கியதே 1801-ல். சாதாரணக் குடும்பங்கள் பேரோடு தென்பட ஆரம்பிப்பது பெரும்பாலும் 1860-களில். அதற்கும் பாண்டியருக்கும் நடுவில் சுல்தான்கள், நாயக்கர், நவாப் என்று சில நூறு வருஷம் கிடக்கிறது. நீங்கள் 1860 வரை போய்ச் சேர்ந்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.

கேள்வி: போடிப் பக்கத்து நிலம். தேனியில் கேட்டால் மதுரை என்கிறார்கள், மதுரையில் கேட்டால் தேனி என்கிறார்கள். (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தேனி பிரிந்தது 1996-ல், அதற்கு முந்தைய கலெக்டர் ஆபீஸ் கட்டுகள் எதெது எங்கே போயின என்று எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். திண்டுக்கல்காரர்களுக்கு 1985, சிவகங்கை ராமநாதபுரம்காரர்களுக்கு 1910. அதற்கு முன் எல்லாம் மதுரை ஜில்லாதான். மாவட்டம் பிரிந்தாலும் பழைய பத்திரத்தில் பழைய ஜில்லாதான் இருக்கும்.

கேள்வி: ஆண்களின் பேராவது எங்கோ இருக்கிறது. எங்கள் அப்பத்தாவுக்கு அம்மா பேர் எந்தத் தாளிலும் இல்லை. பெண்களை எப்படித்தான் தேடுவது? (வாசகி, சோழவந்தான்)

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் கஷ்டமான கேள்வி இது. பட்டாவில் அவர்கள் இல்லை. பள்ளியில் இல்லை. பத்திரத்தில் வந்தாலும் ‘மேற்படியார் சம்சாரம்’ என்று பேரில்லாமலே போய்விடுவார்கள்.

பெண்கள் பேரோடு வருவது பெரும்பாலும் ஏதாவது நேர்ந்தபோதுதான். புருஷன் இளம் வயதில் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் மைனராக இருந்து, கடனுக்காகவோ கல்யாணத்துக்காகவோ நிலத்தை விற்க வேண்டி வந்தால், ‘மைனர்களுக்குத் தாயும் கார்டியனுமான இன்னாள்’ என்று அவர் வந்து நின்றாக வேண்டும். ஆகவே குடும்பத்தில் எந்தப் பாட்டன் சீக்கிரம் இறந்தார் என்று பாருங்கள், அதற்கு அடுத்த ஐந்தாறு வருஷத்துப் பத்திரங்களில் அவர் சம்சாரத்தின் பேர் இருக்கலாம்.

இன்னொன்று விடுதலைப் பத்திரம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து மகளுக்கும் பங்கு என்றானதும், 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்து பூர்வீகச் சொத்திலும் பங்கு என்றானதும், அண்ணன் தம்பிமார் அக்கா தங்கைகளைக் கூட்டிவந்து ‘எனக்குப் பாத்தியம் இல்லை’ என்று எழுதி வாங்கிய பத்திரங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எத்தனை அக்கா தங்கை, யார் யாரைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள், அவர்கள் வயசு, எல்லாம் அதில் சுத்தமாக இருக்கும், ஒருவர் விட்டுப்போனாலும் பத்திரம் செல்லாது என்ற பயத்தில் எழுதியதாயிற்றே. பங்கு கொடுத்த தாளில் கிடைக்காத அத்தைமார்கள், பங்கு இல்லை என்று வாங்கிய தாளில் வரிசையாக நிற்கிறார்கள்.

அதைக் கேட்டு வாங்கும்போது தட்டச்சு நகலோடு திருப்தியாகிவிடாதீர்கள், மூலப் பத்திரம் பங்காளி வீட்டில் எங்காவது இருக்கும், அதையும் பாருங்கள். அதில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீலமோ கருப்போ அப்பிய ஒரு பெருவிரல் ரேகை இருக்கும், சில இடத்தில் மை அதிகமாகி வரியே தெரியாது, பக்கத்தில் எழுத்தர் கையால் ‘இன்னாள் இடது பெருவிரல் ரேகை’ என்று எழுதியிருக்கும். உங்கள் அப்பத்தாவின் அம்மாவுக்குப் போட்டோ இருந்திருக்காது. அந்த விரல் இருக்கலாம்.

கேள்வி: இவ்வளவும் சொல்கிறீர்கள், ஆபீசில் போய்ப் பழைய புத்தகம் என்றாலே எரிந்து விழுகிறார்களே? (பலர்)

பதில்: முகூர்த்த நாளில் போயிருப்பீர்கள். வளர்பிறை, சுபமுகூர்த்தம் என்றால் கிரயம் எழுத வந்த கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும், அன்றைக்குப் போய் 1920-ஆம் வருஷத்து அட்டவணையை எடுங்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆடி மாதம் போங்கள், மார்கழி போங்கள், அஷ்டமி நவமி பார்த்துப் போங்கள், நல்ல காரியம் எதுவும் நடக்காத நாளில் பழைய காரியம் நன்றாக நடக்கும். கையில் ஊர், பழைய சர்வே நம்பர், எத்தனை வருஷத்துக்குத் தேட வேண்டும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கும் கூட்டம்தான்.